‘அமைச்சர் கருதுமிடத்து’: லிபர்டேரியன் சிந்தனையும் நமது சட்டப் புத்தகமும்

சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் அனுப்பிய கேள்வி இது: “அரசு சிறியதாக இருக்க வேண்டும், வரி குறைய வேண்டும் என்று லிபர்டேரியன்கள் சொல்கிறார்கள். இலவசக் கல்வியிலும் இலவச வைத்தியத்திலும் வளர்ந்த நமக்கு, அதிலும் கொழும்பில் வாழும் தமிழர்களுக்கு, இந்தச் சிந்தனையில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? அரசு சுருங்கிப்போனால் 1983 இனக்கலவரம் போன்றதொரு நாளில் நம்மைக் காப்பது யார்? நீங்கள் உங்களை லிபர்டேரியன் என்று அழைத்துக்கொள்வீர்களா?” மூன்றும் ஒன்றோடொன்று பின்னிய கேள்விகள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி. இதனைச் சிலர் ‘சுதந்திரவாதம்’ என்கிறார்கள்; நான் அந்தச் சொல்லைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. நமது நாட்டில் ‘சுதந்திரம்’ என்ற சொல்லைப் பெயரிலேயே சூடிய கட்சியின் தலைமையில் அமைந்த அரசாங்கங்கள்தான் பஸ்ஸையும் காப்புறுதியையும் எண்ணெயையும் தேசியமயமாக்கின. ‘தாராண்மைவாதம்’ என்பதோ இன்னும் அகன்ற குடும்பப் பெயர். ஆகவே லிபர்டேரியன் என்றே எழுதிவிடுகிறேன்.

இந்தச் சிந்தனையின் அடிப்படை எளிமையானது. ஒவ்வொருவரின் உடலும் உழைப்பும் உடைமையும் அவரவருக்கே உரியவை. பிறர்மீது முதலில் பலாத்காரம் பிரயோகிக்க எவருக்கும் உரிமையில்லை. அந்த விதி அரசாங்கத்தில் பதவி வகிப்பவருக்கும் பொருந்தும். இதிலிருந்து எவ்வளவு தூரம் போவது என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை. அமெரிக்க மெய்யியலாளர் ரொபர்ட் நோசிக் 1974இல் பாதுகாப்பு, நீதிமன்றம், ஒப்பந்தங்களை நிறைவேற்றுதல் ஆகிய மூன்றோடு அரசு நின்றுவிட வேண்டும் என்றார். அமெரிக்கப் பொருளியலாளர் மறே ரொத்பார்ட் அந்த மூன்றும்கூட வேண்டாம் என்றார். தம்மை லிபர்டேரியன் என்று அழைத்துக்கொள்ள விரும்பாத, ஆனால் அவர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற பொருளியலாளர் பிரெட்ரிக் ஹயெக், வாழ வழியற்றவர்களுக்கு அரசு ஒரு குறைந்தபட்ச வருமானத்தை உறுதிசெய்வதில் தவறில்லை என்றே எழுதினார். வரி எவ்வளவு என்பது இந்த உள்வீட்டுச் சண்டையின் ஒரு பகுதி. வெளியே கேட்பது பெரும்பாலும் அந்தச் சத்தம் மட்டுந்தான்.

எனக்குப் பயன்பட்டது ஹயெக்கின் சட்டக் கோட்பாடு. அவர் சட்டத்தையும் கட்டளையையும் பிரித்துப் பார்த்தார். சட்டம் பொதுவானது; யார் மீது பாயும் என்று எழுதுபவருக்கே தெரியாத வகையில் முன்கூட்டியே எழுதப்படுவது; எழுதியவரையும் கட்டுப்படுத்துவது. கட்டளையோ இன்னார் இன்னதைச் செய் என்று சொல்வது. பாராளுமன்றம் நிறைவேற்றிவிட்டது என்பதற்காக ஒரு கட்டளை சட்டமாகிவிடாது. இந்த ஓர் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு இலங்கையின் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏதாவதொரு வடிவில் ஒரே சொற்றொடர் கண்ணில் படும்: ‘அமைச்சர் அவசியமெனக் கருதுமிடத்து’. ஒருவரைத் தடுத்து வைப்பதற்கும் இந்தச் சொற்றொடர்தான்; உரத்தை இறக்குமதி செய்யாமல் தடுப்பதற்கும் இதுதான்; காணியைச் சுவீகரிப்பதற்கும் இதுதான். நமது மக்கள் முதலாவதைக் கண்டு கொதிப்பார்கள். மற்ற இரண்டையும் பொருளாதாரக் கொள்கை, நிருவாகம் என்று கடந்துவிடுவார்கள். மூன்றிலும் ஒரே கைதான் நீள்கிறது என்பதைக் காட்டித்தந்ததே லிபர்டேரியன்களிடம் நான் கற்றதில் முக்கியமானது.

வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். போர்க்காலத்தில் கொழும்பின் வெள்ளவத்தையில் வாழ்ந்த தமிழர்கள் எல்லோரிடமும் ஒரு காகிதம் இருந்தது. வீட்டில் வசிப்போரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், சொந்த முகவரி, கொழும்புக்கு வந்த காரணம், எத்தனை நாள் தங்குவார் என்ற விபரங்களை நிரப்பி, பொலிஸ் நிலையத்தில் முத்திரை குத்தி வாங்கிய பதிவுப் படிவம் அது. எங்கள் வீட்டில் அது பிளாஸ்டிக் உறைக்குள், சுவாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். இரவில் கதவு தட்டப்பட்டால் அம்மா முதலில் எடுப்பது அதைத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா கண் சத்திரசிகிச்சைக்கு வந்திருந்தபோது, ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில் ‘கண்’ என்று எழுதியது போதாது, வைத்தியரின் கடிதம் வேண்டும் என்று ஓர் உத்தியோகத்தர் திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை போனபோது வேறொருவர் கடிதத்தைப் பார்க்காமலே முத்திரை குத்திவிட்டார். அந்த இரண்டு உத்தியோகத்தர்களில் முதலாமவர் கெட்டவர், இரண்டாமவர் நல்லவர் என்றே நாங்கள் அன்று பேசிக்கொண்டோம். இருவரும் ஒரே அதிகாரத்தைத்தான் பிரயோகித்தார்கள் என்பதும், கடிதம் கேட்பதா விடுவதா என்பது எந்த விதியிலும் இல்லாமல் அவர்களது மனநிலையில் இருந்தது என்பதும் எனக்குப் பின்னர்தான் உறைத்தது.

அதற்குச் சட்ட அடிப்படையாகக் காட்டப்பட்டவை அவசரகால விதிகளும், 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டமும். பட்டியல் எதற்காகத் தயாரிக்கப்பட்டாலும், தயாரித்தபின் எதற்கும் பயன்படும். 1983 ஜூலையில் கொழும்பில் வீடு வீடாக வந்த கூட்டங்களின் கைகளில் வாக்காளர் பட்டியல் இருந்ததாக உயிர் தப்பியவர்கள் பலர் சாட்சியமளித்திருக்கிறார்கள். வாக்களிக்கவென்று எழுதப்பட்ட பட்டியல் அது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பின் விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டபோது, அவர்களில் பலர் முறையாகப் பதிவு செய்தவர்கள். தங்குவதற்குத் ‘தக்க காரணம்’ இல்லை என்பதே சொல்லப்பட்ட நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுத் தாக்கல் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்து அந்த வெளியேற்றத்தை நிறுத்தியது. லிபர்டேரியன் கண்ணோட்டத்தில் இங்கே பிழையான கேள்வியே ‘தக்க காரணம் எது’ என்பதுதான். ஓர் ஊரில் தங்குவதற்குப் பிரஜை காரணம் சொல்லத் தேவையில்லை. தடுப்பதற்கு அரசுதான் காரணம் சொல்ல வேண்டும். சுமை யார் தோளில் என்பதே இந்தச் சிந்தனையின் உயிர்நிலை.

இதை நம்முடைய நீதிமன்றங்கள் அறியாமல் இல்லை. 1937இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மார்க் பிரேஸ்கேர்டில் என்ற இளைஞரை, தோட்டத் தொழிலாளர்களிடையே பேசினார் என்பதற்காக நாடுகடத்த ஆளுநர் கட்டளையிட்டார். ஆட்கொணர்வு மனு இலங்கை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது, எச்.வி. பெரேரா அவருக்காக வாதாடினார். அவசர நிலைமைக்கென்று தரப்பட்ட அதிகாரத்தை அவசரம் இல்லாதபோது ஆளுநர் பிரயோகிக்க முடியாது என்று தீர்த்து, பிரதம நீதியரசர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான மன்றம் அவரை விடுவித்தது. விடுவிக்கப்பட்டவர் சமசமாஜக் கட்சிக்காரர். தனியுடைமையையே ஒழிக்க விரும்பியவர். அவரைக் காத்ததோ தனிமனித சுதந்திரம் பற்றிய பழைய ஆங்கிலச் சட்டக் கொள்கை. இந்த முரணை இடதுசாரி நண்பர்களிடம் சொல்லிக் காட்டுவதில் எனக்கு இன்றும் ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு.

‘வரையறுக்கப்பட்ட அரசாங்கம்’ என்பதைப் பலர் ஊழியர் தொகை குறைந்த அரசாங்கம் என்று விளங்கிக்கொள்கிறார்கள். அதன் சரியான பொருள், பெரும்பான்மை விரும்பினாலும் செய்ய முடியாத காரியங்கள் சில உள்ள அரசாங்கம் என்பதே. நமக்கு அப்படியொரு வரையறை இருந்தது. 1972 வரை நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவு, ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதிப்பையோ சலுகையையோ தரும் சட்டத்தை இயற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. அது எழுத்தில் இருந்தபடியேதான் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களைப் பெருந்தொகையாக நாடற்றவர்களாக்கியது. கோடாக்கன்பிள்ளை வழக்கில் 1953இல், அன்று நமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அதைச் செல்லுபடியாகும் என்றும் சொல்லிவிட்டது. சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, ஆகவே அது பொதுவானது என்ற தர்க்கம் அதில் வேலை செய்தது. ஹயெக்கின் ‘பொதுவிதி’ அளவுகோல் எங்கே வழுக்கும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை நான் கண்டதில்லை. பெயர் சொல்லாமலே ஒரு சமூகத்தைக் குறிவைத்து விதி எழுத முடியும். தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டாலே போதும்.

அதே பிரிவின் இன்னொரு கதை கோடீஸ்வரன் வழக்கு. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின்கீழ் அரச ஊழியர்கள் சிங்களப் பரீட்சையில் தேற வேண்டும் என்று திறைசேரி சுற்றறிக்கை விட்டது. எழுதுவினைஞரான செல்லையா கோடீஸ்வரன் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. மாதத்துக்குச் சில ரூபாய்தான் விவகாரம். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், அரசகரும மொழிச் சட்டமே 29ஆம் பிரிவுக்கு முரணானது, வெற்றானது என்று தீர்ப்பளித்தது. ஒரு மாவட்ட நீதிபதி நாட்டின் மிக உணர்ச்சிகரமான சட்டத்தைச் செல்லாது என்று சொன்னதை நினைத்துப் பாருங்கள். மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம் 1967இல் மொழிப் பிரச்சினையைத் தொடவேயில்லை. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு (அதாவது அரசுக்கு) எதிராக வழக்குத் தொடர முடியாது என்று கூறி முடித்துக்கொண்டது. 1969 டிசம்பரில் பிரிவி கவுன்சில், தொடர முடியும் என்று திருத்தி, அரசியலமைப்புக் கேள்வியை மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கே அனுப்பியது. அதற்குள் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு போயிற்று. கேள்வி விடையில்லாமலே நின்றுபோனது.

அக்காலத்தில் பிரிவி கவுன்சில் வேறொரு வழக்கில் பாராளுமன்றத்தின் கையைப் பிடித்தது உண்மைதான். 1962 ஜனவரி இராணுவச் சதி முயற்சிக்குப் பின்னர், அதில் சம்பந்தப்பட்டவர்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நடந்து முடிந்த செயலுக்குப் பின்னோக்கிப் பாய்வது. பிடியாணையின்றி வைத்திருந்ததை நியாயப்படுத்துவது. சாட்சிய விதிகளைத் தளர்த்துவது. குறைந்தபட்சத் தண்டனையாக 10 ஆண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் விதிப்பது. லியனகே வழக்கில் 1965இல் பிரிவி கவுன்சில், இது சட்டத்தின் உருவில் வந்த தீர்ப்பு, நீதித்துறையின் அதிகாரத்தில் கைவைப்பது என்று கூறி, தண்டிக்கப்பட்ட 11 பேரையும் விடுவித்தது. அவர்கள் மீது அனுதாபம் கொள்ள வேண்டிய தேவை எனக்கில்லை. ஆனால் ஹயெக் சட்டத்துக்கும் கட்டளைக்கும் இடையில் போட்ட கோட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தீர்ப்பு நமது சட்ட வரலாற்றில் வேறில்லை.

இன்றைய 1978 அரசியலமைப்பு அந்தக் கோட்டை எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். 10 முதல் 14 வரையான உறுப்புரைகள் சிந்தனை, சமத்துவம், கைது, கருத்து வெளிப்பாடு ஆகியவற்றைக் காக்கின்றன. அடுத்து வரும் 15, அவற்றை எந்தெந்தக் காரணங்களுக்காக மட்டுப்படுத்தலாம் என்று பட்டியலிடுகிறது. 16 சொல்வது இன்னும் விசித்திரமானது: ஏற்கெனவே உள்ள சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் தொடர்ந்து செல்லுபடியாகும். 80(3) அதற்கு மேல் பூட்டுப் போடுகிறது. சபாநாயகர் சான்றுரைத்த பின்னர் எந்தச் சட்டத்தையும் எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது. சட்டமூலமாக இருக்கும் குறுகிய நாட்களுக்குள் யாராவது விழித்திருந்து வழக்குப் போட்டால் உண்டு. இல்லையேல் என்றென்றைக்கும் இல்லை. நிறைவேற்று அதிகாரியின் செயலால் உரிமை மீறப்பட்டால் 126இன்கீழ் ஒரு மாதத்துக்குள் மனுப் போடலாம். ஆனால் மீறியது சட்டமே என்றால் போவதற்கு வாசல் இல்லை. சொத்துரிமை இந்த அத்தியாயத்தில் இடம்பெறவே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே அதற்கு வருகிறேன்.

இந்தப் பின்னணியில்தான் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை வாசிக்க வேண்டும். ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்பது அதன் முழுப்பெயரிலேயே உள்ளது. மூன்று ஆண்டுகளுக்கென்று வந்தது 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. 9ஆம் பிரிவின்கீழ், அமைச்சர் நம்பினாலோ சந்தேகித்தாலோ ஒருவரை மும்மூன்று மாதங்களாக 18 மாதங்கள் வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது. 2022 திருத்தம் அதை 12 மாதங்களாகக் குறைத்தது. 16ஆம் பிரிவை அந்தத் திருத்தம் தொடவில்லை. சாதாரண சாட்சியச் சட்டத்தில் பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. காரணம் எல்லோருக்கும் தெரியும். 16ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் சொன்னால் செல்லும் என்கிறது. அது பயமுறுத்திப் பெறப்பட்டது என்று காட்டும் பொறுப்பையும் பெருமளவு குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையிலேயே வைக்கிறது. மூடிய அறைக்குள் நடந்ததை, அந்த அறையில் தனியாக இருந்தவர் நிரூபிக்க வேண்டும். புதுக்கடை நீதிமன்றங்களில் இந்தப் பிரிவோடு மல்லுக்கட்டிய எந்தச் சட்டத்தரணியிடமும் கேட்டுப் பாருங்கள். முதலில் பெருமூச்சுத்தான் பதிலாக வரும்.

கருத்துச் சுதந்திரத்தில் நமது உயர் நீதிமன்றம் சில சமயம் மிக அழகாகப் பேசியிருக்கிறது. 1992 ஜூலையில் எதிர்க்கட்சிகள் ‘ஜன கோஷா’ என்ற பெயரில், மேளமடித்தும் மணியடித்தும் வாகன ஹோர்ன்களை ஒலித்தும் அரசாங்கத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தன; பொலிஸார் குறுக்கிட்டனர். சொல்லில்லாத சத்தமும் கருத்து வெளிப்பாடே, அரசாங்கத்தைக் கண்டிப்பது ஜனநாயகத்தின் அங்கம் என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதினார். ஆனால் 2019 மே மாதத்தில், உடையில் அச்சிட்டிருந்த கப்பலின் சுக்கான் சக்கரம் தர்மச் சக்கரம் போலத் தெரிந்தது என்பதற்காக முஸ்லிம் பெண்ணொருவர் கைதுசெய்யப்பட்டு விளக்கமறியலில் இருந்தார். அதற்குப் பயன்பட்ட சட்டங்களில் ஒன்று, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை நிறைவேற்றவென்று 2007இல் இயற்றப்பட்டது. உரிமைகளைக் காக்க வந்த சட்டத்தையே அதிகாரம் எந்தக் கையில் பிடிக்கும் என்று பாருங்கள்.

சிரிப்பும் வரும் உதாரணம் ஒன்று. பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தல் ஒன்று இருந்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தலையிட்டு நீக்கத்தை நீக்கவைத்தார். ஒரு கையொப்பத்தில் உரிமை வந்தது; இன்னொரு சொல்லில் போயிற்று. நான் மது அருந்துபவன் அல்லன். அருந்த வேண்டும் என்று எவரையும் தூண்டவும் இல்லை. வயது வந்த ஒரு பெண் எதை வாங்கலாம் என்பது பாராளுமன்றத்துக்கே போகாமல் அமைச்சரின் மேசையில் ஒரு வாரத்துக்குள் இருமுறை மாறியதுதான் எனக்கு உறுத்துகிறது.

பொருளாதாரத்துக்கு வருகிறேன். இங்கே நம்மவர்களுக்கு மிக அருகில் இருந்த குரல் ராஜாஜியுடையது. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய அவர், எதற்கும் பெர்மிட், எதற்கும் லைசன்ஸ், எதற்கும் கோட்டா என்றிருந்த ஆட்சியை அந்த மூன்று சொற்களாலேயே அடித்தார். நமது நாட்டில் அதன் இணை, 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி இரவோடிரவாக நிறுத்தப்பட்டது இந்தச் சட்டத்தின்கீழ் வந்த ஒழுங்குவிதியால்தான். ஒரு வாக்கெடுப்பும் நடக்கவில்லை. இலட்சக்கணக்கான வயல்களின் விளைச்சல் ஒரு வர்த்தமானியில் தொங்கியது. நவம்பரில் பின்வாங்கியபோது போகம் போய்விட்டிருந்தது.

உரத்தைவிட மஞ்சளைத்தான் கொழும்புச் சமையலறைகள் நன்றாக நினைவில் வைத்திருக்கின்றன. உள்ளூர் விவசாயியைக் காப்பதற்கென்று மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டதும், 2020இல் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறியது. எங்கள் வீட்டருகே உள்ள பலசரக்குக் கடையில் அதுவரை கண்ணாடிப் போத்தலில் நிறைந்திருந்த தூள், சின்னஞ்சிறு பைக்கற்றுகளாகச் சுருங்கி, பட்டறைக்குக் கீழே, கேட்டால் மட்டும் கொடுக்கும் சரக்காயிற்று. ரசத்தில் போட்டால் நிறம் பிடிக்கவில்லை. கோதுமை மா கலந்தது என்று அம்மா நக்கிப் பார்த்தே சொல்லிவிட்டார். இராமேஸ்வரம் பக்கமிருந்து படகில் வந்த மஞ்சள் மூட்டைகளைக் கடற்படையினர் மன்னார்க் கடலில் பிடித்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. தங்கத்தையும் போதைப்பொருளையும் கடத்திய பாதையில் சமையல் மஞ்சள்! ஒரு சாதாரணப் பொருளைக் கடத்தல் பொருளாக்குவதற்கு ஒரு கையொப்பம் போதும் என்பதை எந்த நூலாலும் இவ்வளவு விளக்கமாகச் சொல்ல முடியாது.

ஆனாலும் இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து விவசாயிகள் செழித்தார்கள், கல்வீடுகள் எழுந்தன, 1977இல் சந்தை திறக்கப்பட்டதும் அவர்களுக்கு அடி விழுந்தது. ‘உங்கள் திறந்த சந்தை எங்களை அழித்தது’ என்று அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்வார்கள். அவர்களது வருத்தம் மெய்யானது. இதற்கு லிபர்டேரியன் தரும் பதில், அமைச்சரின் கையொப்பத்தால் வந்த செல்வத்துக்கு அமைச்சரின் கையொப்பமே எமனாகும் என்பது. தர்க்கத்தில் பிழையில்லை. கிணறு வெட்டிக் கடன்பட்டவரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு நா எழாது.

இனிச் சொத்துரிமை. அது பணக்காரரின் கவலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல்கள் மரங்களில் ஒட்டப்பட்டன. உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காரணம் கூறப்பட்டது. 1990இல் இடம்பெயர்ந்த அந்த உரிமையாளர்களில் பலர் சில மைல்களுக்கு அப்பால் முகாம்களில்தான் இருந்தார்கள். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் நீதிமன்றத்துக்குப் போயின. அவர்களில் பெரும்பாலானோர் மீன்பிடித்தும் தோட்டம் செய்தும் வாழ்ந்த எளியவர்கள். கையிலிருந்த பலம் ஓர் உறுதிப் பத்திரம். காணிச் சுவீகரிப்புச் சட்டத்தில் ‘பொதுத் தேவை’ எது என்பதையும் அமைச்சரே தீர்மானிக்கிறார். இன்னொரு பக்கம், இந்நாட்டுக் காணியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அரசுக்குச் சொந்தம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் ‘பெர்மிட் காணி’ பெற்ற குடும்பங்கள் தலைமுறையாக உழுதாலும் விரும்பியபடி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. தேர்தல் வரும்போதெல்லாம் ‘உறுதி தருவோம்’ என்ற வாக்குறுதி வருவதன் காரணம் அதுவே. கொடுத்துவிட்டால் அடுத்த தேர்தலில் வாக்குறுதி கொடுக்க எதுவும் மிஞ்சாது.

அரசு சிறுத்தால் 1983இல் காப்பது யார் என்று கேட்டீர்கள். அந்த ஆண்டில் இலங்கை அரசு சிறியதாக இருக்கவில்லை. தோட்டங்கள், வங்கிகள், பெரும்பாலான பஸ்கள், ஆலைகள், கூட்டுத்தாபனங்கள் என்று எல்லாவற்றையும் அது நடத்தியது. நோசிக் அரசுக்கென்று விட்டுவைத்த முதல் வேலையான, ஆளை ஆள் அடிக்காமல் காக்கும் வேலையைத்தான் அது செய்யவில்லை. பல இடங்களில் பொலிஸாரும் படையினரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குச் சில வாரங்கள் முன், ஜூன் மாதத்தில், மரண விசாரணையின்றியே உடல்களை அடக்கவோ எரிக்கவோ அதிகாரம் தரும் 15ஏ என்ற அவசரகால விதி வந்திருந்தது. 1977 ஓகஸ்ட் இனக்கலவரச் சம்பவங்களில் அரச ஊழியர்கள் செய்தவற்றுக்கு 1982இல் பொறுப்புவிலக்குச் சட்டம் ஒன்றும் நிறைவேறியிருந்தது. சாதாரண மனிதனைப் போலவே அதிகாரியும் தன் செயலுக்குச் சாதாரண நீதிமன்றத்தில் தனிப்படப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஆங்கிலச் சட்ட அறிஞர் டைசியின் பழைய கொள்கை அங்கே உடைந்து கிடந்தது. ஆகவே ‘சிறிய அரசா, பெரிய அரசா’ என்பதால் 1983 நம்மை விட்டு விலகியிருக்காது. தன் முதற்கடமையில் தவறினால் தண்டனை உண்டு என்று அஞ்சும் அரசே அன்று தேவைப்பட்டது.

நான் லிபர்டேரியன்களோடு முரண்படும் இடத்தையும் சொல்கிறேன். இன்றைய உடைமை எப்படி வந்தது என்ற கேள்வியில் அவர்கள் அவசரப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். நோசிக்கே, பழைய அநீதியால் வந்த உடைமை திருத்தப்பட வேண்டும் என்று ஒரு கோட்பாட்டைச் சொல்லிவிட்டு, அதை முடிக்காமல் விட்டுவிட்டார். மலையகத்தில் காட்டை அழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னமும் லயன் அறைகளில், தம் பெயரில் ஓர் அடி நிலமின்றி இருக்கும்போது, ‘இருக்கும் உடைமையை மதி’ என்ற வாசகம் அவர்கள் காதில் எப்படி விழும்? அவர்களுக்கு வீட்டுக்காணி உறுதியோடு கிடைக்க வேண்டும் என்று வாதிடும் லிபர்டேரியன்தான் தன் கோட்பாட்டுக்கு உண்மையாக இருப்பவர். இலவசக் கல்வி விடயத்திலும் நான் அவர்கள் பக்கம் இல்லை. 1945 ஒக்டோபரில் கல்வி அமைச்சர் கன்னங்கரா அதைக் கொண்டுவந்திராவிட்டால் எங்கள் வீட்டில் முதல் தலைமுறைக்கே எழுத்து வாய்த்திராது. பாடசாலையை அரசு நடத்துவதற்கும், பாடசாலைக்குள் எந்த வரலாறு கற்பிக்கப்பட வேண்டும் என்பதை ஒரேயொரு திணைக்களம் தீர்மானிப்பதற்கும் வேறுபாடு உண்டு என்ற அவர்களது எச்சரிக்கையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அதிகாரப் பகிர்வு பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாக: அதிகாரத்தைத் துண்டாக்குவதை லிபர்டேரியன்கள் பொதுவாக வரவேற்பார்கள், ஒன்று மற்றொன்றைத் தடுக்கும் என்பதற்காக. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் அந்த வகையில் ஒரு தொடக்கம். ஆனால் மாகாண சபையும் ஓர் அரசாங்கமே. கொழும்பின் ‘கருதுமிடத்து’ யாழ்ப்பாணத்துக்கு இடம்மாறினால் அதில் பெருமைப்பட எனக்கு எதுவும் இல்லை.

கடைசிக் கேள்வி, என்னை அப்படி அழைத்துக்கொள்வேனா என்பது. வருமான வரி, அரசாங்க ஆஸ்பத்திரி, பாடசாலை பற்றிப் பேசும்போது இல்லை. 16ஆம் பிரிவு, 80(3) உறுப்புரை, சுவீகரிப்பு அறிவித்தல், மஞ்சள் பற்றிப் பேசும்போது, தயக்கமின்றி ஆம். அடுத்த சட்டமூலம் வர்த்தமானியில் வெளியானால், நோக்கங்களைச் சொல்லும் முகவுரையை விட்டுவிட்டு, ஒழுங்குவிதிகள் ஆக்கும் அதிகாரம் யாருக்கு என்று சொல்லும் பிரிவுக்கு நேரே போய்விடுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சட்டமூலம் இடம்பெற்றதுமே சவாலுக்கு உட்படுத்தும் நாட்கள் எண்ணப்படத் தொடங்கிவிடும்.